கால் கழுவிய ஞாயிறு

நான் வேலை பார்க்கும் பட்டுக் கடையில் "அம்மாவுக்கு" என்று கேட்டு வருகிறவர்களுக்காகத் தனியாக ஓர் அடுக்கு வைத்திருக்கிறோம். சாம்பல், பாக்கு நிறம், வெளுத்த பச்சை, எதிலும் சேராத ஒரு நீலம். மனைவிக்கு வாங்க வருகிறவன் பாதிக் கடையைப் பிரிக்க வைப்பான். அம்மாவுக்கு வாங்க வருகிறவன் நின்றபடியே முடித்துவிடுவான். "அவங்க எங்கங்க கட்டப் போறாங்க, சிம்பிளா ஒண்ணு குடுங்க" என்பான். அதனால் போன மே மாதம் என் பெரிய அண்ணன் கடைக்கு வந்து, அந்த அடுக்கை ஏறெடுத்தும் பார்க்காமல் தாண்டிப் போனபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கல்யாணப் பெண்ணுக்குக் காட்டும் அரக்குச் சிவப்பில், அகலமான ஜரிகைக் கரை போட்ட ஒன்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார்.

"அம்மாவுக்கா அண்ணா?" என்றேன்.

"பின்ன? மேடையில கட்டிகினு உக்காரணும் இல்ல. வீடியோ எடுக்கறாங்க" என்றார்.

அண்ணன் எங்கள் சபையின் செயலாளர். அரசாங்க வேலை, புது வீடு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை. சில சபைகளில் பட்டும் நகையும் பாவம். ஆரணியில் இருந்துகொண்டு பட்டைப் பாவம் என்று சொன்னால் சபையில் ஆள் தேறுமா? எங்கள் சபையில் பட்டு உடுத்தாமல் வருகிறவளைத்தான் "இன்னா சிஸ்டர், வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று விசாரிப்பார்கள். அந்தச் சபையில் மே மாதத்தில் தாய்மார் ஞாயிறு என்று ஒன்று வரும். அன்றைக்குப் பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்கவே வேண்டாம். தாய் தகப்பனைக் கனம்பண்ணச் சொல்லும் கட்டளைதான். அண்ணனுக்குப் பத்துக் கட்டளைகளில் ரொம்பப் பிடித்தமானது அது. மற்றதெல்லாம் செய்யாதே செய்யாதே என்று விரட்டுகிறது, இது ஒன்றுதான் செய்தால் ஆயுசு நீளும் என்று கைமேல் பலனும் சொல்கிறது. நீளப்போவது கனம்பண்ணுகிறவனின் ஆயுசுதான், அம்மாவின் ஆயுசைப் பற்றி அங்கே பேச்சே இல்லை என்பதை அண்ணன் நன்றாகப் படித்து வைத்திருந்தார்.

வருஷா வருஷம் அம்மாமாருக்கு ஒரு சால்வையும் ஓர் எவர்சில்வர் டப்பாவும் கொடுத்து அனுப்புவார்கள். போன வருஷம் பாஸ்டருக்குப் புது யோசனை வந்துவிட்டது. சபைக்கு எதிரே இருக்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பெற்றோருக்குப் பாத பூஜை செய்ய வைத்தார்கள். மாலை, மஞ்சள், குங்குமம், அழுகை, ஒலிபெருக்கி எல்லாம் இருந்தது. எங்கள் சபைப் பிள்ளைகளும் அங்கே படிப்பதால் பெற்றவர்கள் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தார்கள். பாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை. "அவங்க பண்றது பூஜை. நாம பண்ணப் போறது கால் கழுவுதல். ஆண்டவரே செய்து காட்டினது" என்று அறிவித்தார். மகன்மார் மேடையில் முழங்கால் போட்டுத் தாயின் காலைக் கழுவ வேண்டும். மகள்களுக்கு இடமில்லை. மகள் என்பவள் கல்யாணமாகி வேறு வீட்டு மாமியாருக்குக் கால் பிடிக்கப் போய்விட்டவள் இல்லையா, அவளை எதற்குத் தொந்தரவு செய்வது?

எங்கள் அம்மாவுக்கு மூன்று பேர். பெரிய அண்ணன், பெங்களூரில் இருக்கும் சின்ன அண்ணன், நான். கண்ணமங்கலம் பக்கத்தில் ஊரார் நிலத்தில் நாற்று நட்டும் களை எடுத்தும் எங்களைப் படிக்க வைத்தவள். அப்பா போன பிறகு பெரிய அண்ணனோடு இருக்கிறாள். நான் இரண்டு தெரு தள்ளி வாடகை வீட்டில் இருக்கிறேன். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வேலூரில் பார்த்த டாக்டர், "நல்லா பழுத்துடுச்சு, எடுத்துடலாம்" என்று சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அண்ணன் மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. மாட்டேன் என்று சொன்னால் அது கட்டளையை மீறுவதாகிவிடும். வெயில் காலத்தில் கண்ணில் கத்தி வைக்கக் கூடாது என்றார். மழைக்காலத்தில் சீழ் பிடிக்கும் என்றார். பனிக்காலத்தில் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. அது முடிந்ததும் சபையின் ஆண்டுவிழா, அதற்குச் செயலாளர் இல்லாமல் எப்படி? அம்மா ஒவ்வொரு தடவையும் "சரிப்பா" என்பாள். சுவரைத் தடவிக்கொண்டு குளியலறைக்குப் போவாள். தட்டில் சாம்பார் எங்கே, பொரியல் எங்கே என்று விரலால் தேடிச் சாப்பிடுவாள்.

"நான் கூட்டிகினு போறேன் அண்ணா. ஒரு நாள் லீவு போட்டா போதும்" என்று ஒருமுறை கேட்டேன்.

அண்ணன் முகம் மாறிவிட்டது. "ரெண்டு ஆம்பளப் புள்ளைங்க உசுரோட இருக்கறப்ப பொண்ணு கூட்டிகினு போய் கண்ணு பார்த்துச்சுன்னா ஊரு இன்னா பேசும்? சபையில நான் எப்படி எழுந்து நின்னு பேசறது?"

அம்மாவைத் தனியாகக் கேட்டால் அவள் அண்ணனுக்கு மேல். "வேணான்டி பாப்பா, அவன் மனசு கஷ்டப்படும். அவனே கூட்டிகினு போவான்." பிள்ளையின் மானம் அவளுடைய இரண்டு கண்ணையும்விடப் பெரிது. இதில் நான் என்ன செய்ய? ஆண்டவர் எனக்கும் சேர்த்துத்தான் அந்தக் கட்டளையைக் கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அதை ஆண்பிள்ளைகளுக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை வைத்தார்கள். கனம்பண்ணுவதற்கு ஒத்திகை வைத்த முதல் சபை எங்களுடையதாகத்தான் இருக்கும். ஒரே மாதிரி பிளாஸ்டிக் பேசின்கள், ஒரே மாதிரி துண்டுகள். எந்த மகன் எத்தனையாவது நாற்காலிக்கு முன்னால் முழங்கால் போட வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டார்கள். அண்ணன் மூன்றாவது. பாஸ்டர் கடைசியாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தாய்மாருங்க கால் கொஞ்சம் சுத்தமா வரட்டும். கேமரா கிட்டக்க வரும்" என்றார்.

ஆக, மறுநாள் மேடையில் கழுவப்போகிற காலை அதற்கு முன்பே கழுவும் வேலை அண்ணி தலையில் விழுந்தது. ஞாயிறு விடிந்ததும் நான் போனபோது அண்ணி கொல்லைப்புறத்தில் அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்து, பாதம் தேய்க்கும் கல்லா பீர்க்கங்காய் நாரா என்று தெரியாமல் இரண்டையும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆயுசு முழுக்கச் சேற்றில் நின்ற கால். வெடிப்பெல்லாம் லேசில் போய்விடுமா? "ஜல்தியா காட்டுங்க அத்தை, பாலீஷ் வேற காயணும்" என்றாள் அண்ணி. நகத்தில் பூசியது என்ன நிறம் என்று அம்மா கேட்டாள். "லைட்டுதான் அத்தை" என்றாள் அண்ணி. நல்ல ரோஸ் நிறம். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. அண்ணியைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தச் சபையில் அன்றைக்கு உண்மையிலேயே கால் கழுவியவள் அவள் ஒருத்திதான், அவள் மேடையில் இல்லை.

ஆராதனை தொடங்குவதற்கு முன் வீடியோக்காரர் வந்து நாற்காலிகளைப் பார்த்தார். சிவப்பும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் படத்தில் ஒன்றாக அப்பிக்கொள்ளும் என்று சொல்லி, அரக்குச் சிவப்பில் இருந்த எங்கள் அம்மாவை ஐந்தாவது நாற்காலிக்கு மாற்றிவிட்டு, அங்கே மயில் நீலத்தில் உட்கார்ந்திருந்த களம்பூர் அரிசி ஆலைக்காரரின் அம்மாவை மூன்றாவதில் உட்கார வைத்தார். அம்மாவின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனவள் நான்தான். இதை மகன்மாரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் வெளியே வராந்தாவில் பேசினில் வெந்நீர் ஊற்றி, பன்னீர் கலந்து, வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

எனக்கும் மேடையில் ஒரு வேலை கிடைத்தது. சின்ன அண்ணன் பெங்களூரிலிருந்து வீடியோ காலில் அம்மாவின் காலைக் கழுவப் போகிறான். அந்தப் போனைப் பேசினுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கும் பாக்கியம் எனக்கு. அவன் அங்கே பனியனோடு சோபாவில் உட்கார்ந்து, பயபக்தியோடு கண்ணை மூடிக்கொண்டிருந்தான். நடுவில் படம் நின்றுவிட்டது. வாயைத் திறந்தபடி அப்படியே இருந்தான்.

பாட்டு ஆரம்பித்தது. மகன்மார் தலையைக் குனிந்து, பேசின் தளும்பாமல் வரிசையாக மேடை ஏறினார்கள். "கண்களை மூடிக்கொள்ளுங்க. தாய் உங்களுக்காகச் சிந்தின கண்ணீரை ஒவ்வொரு துளியா நினைச்சுப் பாருங்க. நினைச்சுகினே கழுவுங்க" என்று பாஸ்டர் குரல் உடைந்து சொன்னார். அண்ணன் பாஸ்டர் சொல்லைத் தட்டாதவர். தரையில் இருந்த சாக்பீஸ் கோட்டை மட்டும் பார்த்தார், முழங்கால் போட்டார், கண்ணை மூடினார், எதிரே நீட்டியிருந்த காலைப் பிடித்துக் கழுவ ஆரம்பித்தார். ஆலைக்காரரின் அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரியும். இது நம் பிள்ளை இல்லையே என்று ஒரு கணம் பார்த்தார். நிகழ்ச்சியே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து இன்னொரு காலையும் நீட்டிவிட்டார். ஆலைக்காரர் எங்கள் அம்மாவின் ரோஸ் நகங்களைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. மகள்களுக்குத்தான் அன்று மைக் கிடையாதே.

கழுவி முடித்ததும் தாய்மார் ஒவ்வொருவராக மகனின் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்க வேண்டும். செயலாளரின் அம்மா என்று பாஸ்டர் மைக்கை முதலில் எங்கள் அம்மாவின் வாய்க்கு நேரே நீட்டினார். அம்மா தடவித் தடவி எதிரே இருந்த தலையில் கையை வைத்தாள். ஆலைக்காரருக்குச் சாயம் பூசிய அடர்ந்த முடி. அம்மாவின் கை நின்றது. இரண்டு விரலால் முடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"யாருப்பா நீ?" என்றாள். ஒலிபெருக்கியில் சபை முழுக்கக் கேட்டது.

"உங்க மகன்தாம்மா" என்றார் பாஸ்டர், மூடிய கண்ணைத் திறக்காமலே, உருக்கமாக.

"என் புள்ளைக்கு ஏது பாஸ்டர் இவ்ளோ முடி? அவனுக்குக் கல்யாணத்தப்பவே மண்டையில ஒண்ணும் கிடையாதே."

முதலில் பின்வரிசை வாலிபர்கள் சிரித்தார்கள். பிறகு அடக்கப் பார்த்தவர்களும் சிரித்தார்கள். அண்ணன் கண்ணைத் திறந்தார். கையில் அடுத்தவர் அம்மாவின் கால். அதைக் கீழே விடுவதா துடைப்பதா என்று தெரியாமல் துண்டோடு முழங்காலிலேயே திகைத்துப்போய் இருந்தார். பாஸ்டர் நிலைமையைச் சமாளிக்க, "அம்மாவுக்குக் கண்ணு கொஞ்சம் மங்கலு..." என்று ஆரம்பித்தார்.

"கொஞ்சம் இல்ல பாஸ்டர், சுத்தமா தெரியல" என்றாள் அம்மா. சாதாரணமாகத்தான் சொன்னாள். யாரையும் குத்திக் காட்ட அவளுக்குத் தெரியாது. "டாக்டர் எடுத்துடலாம்னு சொல்லி ரெண்டு வருசம் ஆவுது. நானும் சொல்லிகினேதான் இருக்கேன். வெயிலு போவட்டும்ன்றாங்க, மழ போவட்டும்ன்றாங்க. காலுக்கு இன்னா? காலு நல்லாத்தான் இருக்குது. காலையிலதான் மருமவ தேச்சுக் கழுவிச்சு. கண்ணுதான் பார்க்கணும்."

சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ ஒருவர் பழக்க தோஷத்தில் "அல்லேலூயா" என்றார். நின்றுபோயிருந்த படம் திரும்ப ஓடத் தொடங்கி, சின்ன அண்ணன் என் கையிலிருந்து "ஆமென்" என்றான்.

அன்று மத்தியானம் அண்ணன் வீட்டில் பிரியாணி. யாருக்கும் இறங்கவில்லை. அண்ணன் சாப்பிடாமலே கை கழுவிவிட்டு வந்து, "மானத்த வாங்கிட்டியேம்மா. நான் உனக்கு இன்னா கொற வச்சேன்? பேஜாரா போச்சு" என்றார். அவர் மனதறிந்து பொய் சொல்லவில்லை, அதுதான் வேதனை. தாயைத் தன்னைப்போல் கனம்பண்ணுகிறவன் இந்தத் தாலுகாவில் இல்லை என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார்.

அம்மா அவர் குரல் வந்த பக்கம் திரும்பினாள். "நான் பொய் ஒண்ணும் சொல்லலியேப்பா. நாளைக்குப் பாப்பாவோட போறேன்."

"பொண்ணு கூட போனா ஊரு இன்னா பேசும்?"

"இனிமே புதுசா இன்னா பேசப் போவுது? ஊருக்கு மைக்குலயே சொல்லியாச்சு."

மறுநாள் காலை கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகும் பஸ்ஸில் ஏறினோம். அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, "எந்த ஊருடி வருது?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவள் நடவு நட்ட நிலங்கள் வரும்போது நான் சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் முடிந்து மறுநாளே வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தார்கள். இரண்டு வருஷமாக மூன்று பருவகாலங்களும் ஒரு ஆண்டுவிழாவும் தடுத்து வைத்திருந்த வேலை, நான் வெளியே வாங்கிய டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அம்மாவைக் கண்ணில் பச்சைத் துணிக் கட்டோடு அழைத்து வந்தபோது நான் அழுதேன். அழுகை சந்தோஷத்தில் வந்தது என்று சொல்ல மாட்டேன். இவ்வளவுதானா, இதற்கா இவளைச் சுவரைத் தடவ விட்டோம் என்ற ஆத்திரத்தில் வந்தது.

கட்டு அவிழ்க்கும் நேரத்துக்கு அண்ணன் பாஸ்டரையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பாஸ்டர் நீண்ட ஜெபம் செய்தார். அண்ணன் போனை உயர்த்திப் பிடித்திருந்தார். தாயின் கண்களைத் திறக்கத் தன்னைக் கருவியாகப் பயன்படுத்திய தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று அவருடைய ஸ்டேட்டஸில் அன்று மத்தியானமே வந்துவிட்டது. என் பேர் அதில் இல்லை. நான் கண்டுகொள்ளவில்லை. கருப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து அம்மா சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் விரலைக் காட்ட, சரியாக எண்ணிச் சொன்னாள்.

பாஸ்டரும் சேர்ந்து எல்லோரும் காரில் அண்ணன் வீட்டுக்கே திரும்பினோம். இதை இங்கே சொல்லியாக வேண்டும். அண்ணன் அந்தப் புது வீட்டைக் கட்டிக் குடிவந்தபோதே அம்மாவுக்குப் பார்வை போயிருந்தது. வீட்டுப் பிரதிஷ்டையன்று அம்மாவை உள்ளே கையைப் பிடித்து அழைத்துப் போய், "இதாம்மா உன் தனி ரூமு" என்று கட்டிலைத் தொட்டுக் காட்டினார்கள். அன்று முதல் அம்மா அங்கேதான். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இடம் அது. ஜன்னல் கிடையாது. கட்டில் போக மீதி இடத்தில் சபையின் பழைய பாய்கள், உடைந்த பெடஸ்டல் ஃபேன், கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் போட்ட அட்டைப்பெட்டி. அந்த இடத்தை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பார்க்காதவள் அதில் படுத்திருந்தவள் மட்டும்தான்.

அம்மா காரிலிருந்து இறங்கினாள். யார் கையையும் பிடிக்கவில்லை. முன்னறையின் டைல்ஸ், தொங்கும் விளக்கு, சுவரில் பெரிய எழுத்தில் மாட்டியிருந்த வசனம் எல்லாவற்றையும் நின்று பார்த்தாள். "நல்லா கட்டியிருக்கியேப்பா" என்றாள். அண்ணன் முகம் மலர்ந்தது. அம்மா நேராக நடந்தாள். பழக்கத்தில் கால் தானாகவே படிக்கட்டுக்குக் கீழே போயிற்று. வாசலில் நின்றாள். அண்ணி ஓடிவந்து விளக்கைப் போட்டாள், அது இன்னும் மோசமாகிவிட்டது.

"இத்தினி நாளும் நான் எங்க படுத்துகினு இருந்தேன்னு இப்பத்தான் பார்க்கறேன்" என்றாள் அம்மா.

குரலில் கோபம் இல்லை. அண்ணனுக்கு எந்தச் சந்தர்ப்பத்துக்கும் ஒரு வசனம் கைவசம் இருக்கும். அன்றைக்கு வசனத்துக்குப் பதில், கையில் வைத்திருந்த போனைப் பையில் போட்டுக்கொண்டு, "இன்னா செய்யணும்மா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்து அந்தக் கேள்வியை அம்மாவிடம் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கட்டில ஒரு பக்கம் பிடி" என்றாள் அம்மா. "முன்ரூம் ஜன்னலாண்ட போடலாம்."

"அங்க சோபா இருக்குதேம்மா. பாஸ்டர் வந்தா உக்கார்றது."

பாஸ்டர் எங்கள் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். அம்மா திரும்பி, கருப்புக் கண்ணாடி வழியாக அவரைத் தலையிலிருந்து கால்வரை முதல் தடவையாகப் பார்த்தாள்.

"சின்ன வயசுதானே. நாற்காலியில உக்காருவாரு" என்றாள். "நீங்களும் அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க பாஸ்டர்."